இல்லக் கணக்கில் இரு பிழைகள்

நெருள் ரயில் நிலையத்தில் காலையில் நிற்போர் காணும் காட்சி ஒன்று உண்டு. கணவரும் மனைவியும் ஒருங்கே வந்து, பம்பாயின் தென்கோடியிலுள்ள அலுவலகங்களுக்கு ஹார்பர் வண்டியில் ஏறுகின்றனர். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். குழந்தை பிறந்தபின், பல இல்லங்களில் கணவர் மட்டுமே அவ்வண்டியில் ஏறுகிறார். இது எவ்வாறு நேர்கிறது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

சொந்த ஊரிலிருப்பின் பாட்டியோ அத்தையோ குழந்தையை ஏந்திக்கொள்வர். பிழைப்பை நாடி வந்த நமக்கு அத்துணை எளிதில் வாய்ப்பதில்லை. பாட்டி வந்தாலும் சில திங்களில் ஊர் திரும்பிவிடுகிறார். ஆகவே, இவ்வூரார் 'பாளணாகர்' என வழங்கும் குழந்தைக் காப்பகத்தை நாடுகிறோம். அப்பொழுது ஒரு கணக்குப் போடுகிறோம்: கட்டணமும் போக்குவரத்துச் செலவும் போக மனைவியின் ஊதியத்தில் மிஞ்சுவது எவ்வளவு? சிறிதே மிஞ்சுமெனின், வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்கிறோம்.

இக்கணக்கில் இரு பிழைகள் உள. குழந்தை இருவர்க்கும் உரியதாயிருக்க, கட்டணத்தைத் தாயின் ஊதியத்தில் மட்டும் கழிப்பது முதற் பிழை. இன்றைய ஊதியத்தைக் கண்ட நாம், ஆண்டுதோறும் வரும் உயர்வையும், பதவி உயர்வையும், வருங்கால வைப்பு நிதியையும் காணாதொழிந்தது இரண்டாவது பிழை. காப்பகச் செலவு சில ஆண்டுகளில் தீரும். விட்ட பதவியோ எளிதில் மீளாது.

வேலையை விடாதோர்க்கும் இழப்பு உண்டு. பொதுத்துறை வங்கிகளில் பதவி உயர்வோடு இடமாற்றம் வருதல் இயல்பு. தந்தை அதனை ஏற்றுப் புறப்படுகிறார். தாயோ பிள்ளையின் பொருட்டு உயர்வே வேண்டாவென எழுதிக் கொடுக்கிறார். முதற் குழந்தை பிறந்தபின்பே இருவரின் ஊதிய இடைவெளி பெருகுகிறது என்பதை விளக்கிய அமெரிக்கப் பொருளியலறிஞர் கிளாடியா கோல்டின், 2023இல் நோபெல் பரிசு பெற்றார்.

சட்டம் துணை செய்யாமலில்லை. 1929இலேயே பம்பாய் மாகாணம் மகப்பேற்று நலச் சட்டம் இயற்றிற்று. 1961ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 2017இல் திருத்தம் பெற்றபோது, முதலிரு மகப்பேறுகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்தினின்று 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி அளிக்கவேண்டும் என்றும் அது விதித்தது. ஆயின் தந்தைக்கு அத்திருத்தம் ஒரு நாள் விடுப்பும் தரவில்லை. குழந்தை வளர்ப்பு தாயின் கடனே என்னும் எண்ணம் சட்டத்திலும் நின்றது.

சட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. கட்டணத்தை இருவர் ஊதியத்திலும் கழிக்கலாம். மாலையில் பிள்ளையை அழைத்துவரும் பொறுப்பை முறைவைத்து ஏற்கலாம். இம்முறை கணவர்க்கு உயர்வெனின், அடுத்த முறை மனைவிக்கென இசைந்துகொள்ளலாம். முடிவு செய்யுமுன், இருவரும் ஒருங்கமர்ந்து அக்கணக்கை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்ப்போமாக.