கூண்டும் சந்தையும்



கடையில் இரண்டு முட்டைகளை அருகருகே வைத்தால், அவற்றை இட்ட கோழிகள் எவ்வாறு வாழ்ந்தன என்பதை ஓட்டைப் பார்த்து நாம் சொல்ல இயலாது. விலை குறைந்ததையே எடுத்துக்கொள்கிறோம். இதில் குற்றம் ஏதும் இல்லை. குடும்பம் நடத்துவோரின் இயல்பு அது. ஆயினும், கோழியின் நலத்துக்கென்று ஒரு சட்டம் பிறக்குமாயின், அது நிலைப்பதும் வீழ்வதும் இந்தச் சிறிய விலை வித்தியாசத்தைப் பொறுத்தே அமைகிறது. அதனைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

சென்ற நூற்றாண்டின் நடுவில், கோழிகளைக் கம்பிக் கூண்டுகளில் அடுக்கடுக்காக வைத்து வளர்க்கும் முறை மேனாடுகளில் பரவிற்று. இடம் மிச்சம், ஆள் கூலி மிச்சம், இட்ட முட்டை தானே முன்புறம் உருண்டு வந்து நிற்கும், எச்சம் கீழே விழுந்துவிடுவதால் சில நோய்களும் குறையும். இத்தனை நன்மைகளுக்கும் விலை கொடுத்தது கோழி. சிறகை விரிக்க இடமில்லை. மண்ணைக் கிளற வழியில்லை. முட்டையிடும் வேளையில் மறைவிடம் தேடுவது அதன் பிறவிக் குணம், அதற்கும் இடமில்லை. 1964-இல் ரூத் ஹாரிசன் என்னும் ஆங்கில அம்மையார் ‘அனிமல் மெஷின்ஸ்’ என்ற நூலில் இந்நிலையை எடுத்துக்காட்டினார். பிரிட்டிஷ் அரசாங்கம் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பண்ணைப் பிராணி எதுவாயினும் சிரமமின்றித் திரும்பவும், உடலைக் கோதிக்கொள்ளவும், எழவும், படுக்கவும், கைகால்களை நீட்டவும் இடம் இருத்தல் வேண்டும் என்று அக்குழு 1965-இல் அறிவித்தது.

இக்கருத்து சட்டமாக முதிர்வதற்குப் பல்லாண்டுகள் சென்றன. 1999 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஓர் ஆணை பிறப்பித்தது. வெறுங்கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடமேனும் தரவேண்டும் என்றும், 2003 முதல் அத்தகைய கூண்டுகளைப் புதிதாக அமைக்கலாகாது என்றும், 2012 ஜனவரி முதல் தேதியோடு அவற்றை அறவே விட்டொழிக்க வேண்டும் என்றும் அது விதித்தது. நாம் கடிதம் எழுதும் தாளைவிட அந்த 550 சதுர சென்டிமீட்டர் சிறியது. புதிய கூண்டில் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடமும், முட்டையிட மறைவிடமும், அமர்ந்துறங்கக் கம்பும், கிளறுவதற்குக் கூளமும் தேவை.

கணக்கை நோக்குவோம். ஆயிரம் கோழிகள் இருந்த பரப்பில் இனி ஏறத்தாழ 733 கோழிகளே இருக்கலாம். கொட்டகையின் செலவும் கடனுக்கு வட்டியும் குறைந்த முட்டைகளின்மீது ஏறுகின்றன. எல்லோருக்கும் ஒரே நாளில் ஏறுமாயின் எவருக்கும் பாதகமில்லை. ஆனால் நடந்தது வேறு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தும், கெடு முடிந்தபோது பதின்மூன்று உறுப்பு நாடுகள் விதியை முழுமையாக நிறைவேற்றவில்லை. ஒன்றியத்தின் ஆணையம் 2012 ஜனவரியிலேயே அவற்றுக்கு அறிவிப்பு அனுப்பியது. இத்தாலியும் கிரீஸும் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டு, 2014-இல் தீர்ப்புப் பெற்றன. இதற்கிடையில், கடன் வாங்கிக் கூண்டை மாற்றியவனுடைய முட்டையும் மாற்றாதவனுடைய முட்டையும் ஒரே சந்தையில் நின்றன. சட்டத்தை மதித்தவன் நஷ்டப்பட, மதியாதவன் இலாபம் பெறுவது எந்த நீதி?

ஒரு பரிகாரத்தை ஐரோப்பா முன்னரே கண்டிருந்தது. 2004 முதல் முட்டையின் ஓட்டிலேயே எண் பொறிப்பது கட்டாயமாயிற்று. இயற்கை வேளாண் முறைக்குச் சுழியம், வெளியே உலவும் கோழிக்கு 1, கொட்டகைத் தரையில் வளர்வதற்கு 2, கூண்டுக்கு 3. ஆனால் ரொட்டியிலும் கேக்கிலும் கலந்துவிட்ட முட்டைக்கு ஓடு ஏது, எண் ஏது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வேறு வழி சென்றது. 2008-இல் மக்கள் வாக்கெடுப்பினால் தன் பண்ணைகளில் கோழிக்கு இடம் வேண்டும் என்று விதித்தது. அண்டை மாநில முட்டை மலிவாக வந்து தன் குடியானவரை வீழ்த்தும் என்பதை உணர்ந்து, 2010-இல் மற்றொரு சட்டம் இயற்றி, அங்கே விற்கும் முட்டை எங்கிருந்து வந்தாலும் அதே விதிக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும் என்றது. இரண்டும் 2015-இல் நடைமுறைக்கு வந்தன. முட்டை மிகுதியாக விளையும் பிற மாநிலங்கள் சில வழக்காடிப் பார்த்தன, அவ்வழக்கு நிலைக்கவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. நாமக்கல்லிலிருந்து புறப்படும் முட்டை மாநில எல்லைகளைக் கடந்து விற்பனையாகிறது. நமது அரசியல் சட்டத்தின் 301-ஆம் பிரிவு நாடெங்கும் வாணிகம் தடையின்றி நடைபெற வேண்டும் என்கிறது. பிராணி நகர்வதற்குப் போதிய இடமில்லாத கூண்டில் அதனை அடைப்பது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. சட்ட ஆணையமும் 2017 ஜூலையில் கோழிகளின் இருப்பிடம் குறித்துத் தன் அறிக்கையில் விதிகளைப் பரிந்துரைத்தது. ஒரு மாநிலம் மட்டும் விதியைக் கடுமையாக நடத்தி, அடுத்த மாநிலம் கண்ணை மூடிக்கொண்டால், கோழிக்கும் நலமில்லை; நேர்மையான பண்ணையாளருக்கும் வாழ்வில்லை.

முட்டை ஏழையின் புரதம், அதன் விலை ஏறலாமா என்று கேட்பார்கள். கேட்கத்தக்க கேள்விதான். அதனாலேயே மாற்றத்துக்குப் போதிய காலமும், சிறு பண்ணையாளருக்குக் கடனுதவியும் தேவை. ஆனால் கெடு வந்தபின் அது எல்லோருக்கும் ஒரே கெடுவாக இருத்தல் வேண்டும். கருணையை ஒருவன் தலையில் மட்டும் சுமத்தினால் அவன் விரைவில் அதனை இறக்கிவைப்பான். எல்லோரும் சேர்ந்து சுமந்தால் அது பாரமாகத் தோன்றாது.