தராசு யார் கையில்?

கொலை வழக்கில் போலீஸ் ஒரு ஏழையைப் பிடிக்கிறது. “நான்தான் செய்தேன்” என்று அவன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். பிறகு அவனை யார் காப்பாற்றுவது? விஞ்ஞானம் காப்பாற்றும். அந்த விஞ்ஞானத்துக்குப் பணம் கொடுப்பது யார்? அதுதான் இன்றைய பேச்சு. பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன்.

லெஸ்டர் நகருக்குப் பக்கத்தில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கற்பழித்துக் கொல்லப்பட்டார்கள். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை செய்த 17 வயதுப் பையனைப் போலீஸ் பிடித்தது. விசாரணையில் அவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான், முதலாவதை மறுத்தான். இரண்டுமே அவன் செய்ததுதான் என்று போலீஸ் நம்பியது.

அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி 1984-ல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நம் உடம்பின் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்ற நூல் இருக்கிறது. இரட்டைப் புரியாக முறுக்கிய நூல். பஞ்சாலைத் தோழர்கள் நூலைப் பார்த்து இத்தனையாம் நம்பர் என்று சொல்வதுபோல, இந்த நூலைச் சோதித்து ஆளைச் சொல்லலாம். ஒரே கருவில் பிறந்த இரட்டையரைத் தவிர, ஒருவர் நூல் மற்றொருவருக்கு இருக்காது. ரத்தத் துளி, எச்சில், மயிர்வேர் இருந்தால் போதும்.

சோதித்தார்கள். இரண்டு கொலையும் ஒருவன் செய்தது. அவன் அந்தப் பையன் அல்ல! பையன் விடுதலையானான். உண்மைக் கொலைகாரன் தனக்குப் பதிலாகச் சக தொழிலாளியை ரத்தம் கொடுக்க அனுப்பி ஏமாற்றினான். 1987-ல் அதுவும் அம்பலமாயிற்று. 1988-ல் ஆயுள் தண்டனை பெற்றான்.

தோழர்களே, இந்த வித்தை லாபத்துக்காகப் பிறந்ததல்ல. பல்கலைக்கழக விஞ்ஞானியும் சர்க்காரின் தடய விஞ்ஞான நிலையத்தாரும் சேர்ந்து வளர்த்தார்கள். 1995-ல் உலகிலேயே முதல் தேசிய டி.என்.ஏ. பதிவகம் அங்கே ஏற்பட்டது.

அந்த நிலையத்துக்கு என்ன நேர்ந்தது? 1991 முதல் சோதனைக்குச் சோதனை போலீசிடம் கட்டணம் வாங்கச் சொன்னார்கள். 2005-ல் அதைக் கம்பெனியாக்கினார்கள். தனியார் கம்பெனிகளோடு போட்டி போடு என்றார்கள். 2010 டிசம்பரில், “மாதம் 20 லட்சம் பவுன் நஷ்டம்” என்று கணக்குக் காட்டி மூடப்போவதாக அறிவித்தார்கள். 2012 மார்ச்சில் கதவு சாத்தப்பட்டது.

நிரபராதி ஒருவன் சிறைக்குப் போகாமல் தப்பினால், அது எந்தப் பேரேட்டில் வரவாக எழுதப்படும்? அதை எழுதப் பத்தி இல்லாத கணக்கைக் காட்டி நஷ்டம் என்றார்கள்!

பின்னால் நடந்ததைக் கேளுங்கள். மான்செஸ்டரில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில், போதைப்பொருள் சோதனை முடிவுகளில் தில்லுமுல்லு நடந்திருக்கலாம் என்று 2017-ல் வெளிவந்தது. 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. சில தண்டனைகள் ரத்தாயின. 2018-ல் இன்னொரு தனியார் ஆய்வுக் கம்பெனி நொடித்துப்போயிற்று. வழக்குச் சாமான்கள் நடுவில் நின்றன. சர்க்காரும் போலீசும் பணம் போட்டு அதைத் தூக்கி நிறுத்தவேண்டி வந்தது. லாபம் கம்பெனிக்கு, நஷ்டம் மக்களுக்கு! 2019-ல் பிரபுக்கள் சபையின் கமிட்டியே தடய விஞ்ஞானத்தின் நிலை போதாது, பணமும் தலைமையும் இல்லை என்று சொல்லிற்று.

சோதனையில் பெரும்பகுதியைப் போலீசே தன் ஆய்வுக்கூடத்தில் செய்துகொள்ளட்டும் என்பாரும் உண்டு. குற்றம் சாட்டுகிற கையே தராசையும் பிடிக்கலாமா? களத்துமேட்டில் மிராசுதாரே மரக்காலைப் பிடித்து அளந்தால் கூலிநெல் என்னவாகும் என்று விவசாயத் தொழிலாளிக்குத் தெரியாதா?

ஆகவே நியாயமான கோரிக்கை இதுதான். சோதனைச் செலவைச் சமுதாயமே பொதுப் பணத்திலிருந்து ஏற்கவேண்டும். ஆய்வுக்கூடம் லாபக்காரன் கையிலும் இருக்கக்கூடாது, போலீசின் கையிலும் இருக்கக்கூடாது. போலீஸ் கேட்டால் செய்யும் சோதனையை, கூண்டில் நிற்பவன் கேட்டாலும் செய்யவேண்டும்.

பணக்காரன் பெரிய வக்கீலை வைப்பான். தனி நிபுணரையும் அழைப்பான். ஏழைக்கு இருக்கும் சாட்சி, பொய் சொல்லாத அந்த நூல் ஒன்றுதான். அதை ஏலம் போட விடக்கூடாது, தோழர்களே!