நோய் தெரியுமுன் சோதனை



"அவ நல்லாத்தானே இருக்கா? ரத்தம் எதுக்கு எடுக்கணும்?" கிராமங்களில் நான் பேசப் போகும்போது ஆண்கள் கேட்கிற முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். கர்ப்ப காலத்தில் தாயையும் சேயையும் கெடுக்கும் நோய்கள் பலவும் ஆரம்பத்தில் வெளியே தெரியாது. வலி இராது, காய்ச்சல் இராது. சோதித்தால்தான் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம். காலில் லேசான வீக்கம். "பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும்" என்றார் மாமியார். ஆனால் அட்டையில் எழுதிய தேதி வந்ததும், அறுப்பு வேலையை விட்டுவிட்டுக் கணவர் அழைத்து வந்தார். இரத்த அழுத்தம் 150/100. சிறுநீரில் புரதம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். விட்டிருந்தால் வலிப்பு வந்து இரண்டு உயிரும் போயிருக்கலாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். காப்பாற்றியது அந்தத் தேதிதான்.

என்னென்ன சோதனை என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் எடை, இரத்த அழுத்தம், சிறுநீர் பார்ப்பார்கள். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. அப்படிப்பட்டவருக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டால் தாங்காது. நாலாம் மாதத்திலிருந்து 180 நாளாவது இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று சாப்பிடணும். குறைவு என்றால் டாக்டர் கூட்டித் தருவார். காபி, டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். மாத்திரையால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பது வெறும் பேச்சு.

சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். முதல் முறை சரியாக இருந்தாலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்கணும்.

இரத்தப் பிரிவும் முக்கியம். தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வரலாம். ஆன்டி-டி ஊசியை 28 வாரத்திலும், பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள்ளும் போட்டால் தடுக்கலாம்.

இனி, கூச்சப்படாமல் கேளுங்கள். சிபிலிஸ், எச்.ஐ.வி., பி வகை மஞ்சள் காமாலை ஆகியவை தாயிடமிருந்து சேய்க்குப் போகக்கூடியவை. சிபிலிஸ் பென்சிலின் ஊசியால் குணமாகும். எச்.ஐ.வி. மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் பிள்ளைக்குத் தொற்றாது. காமாலைக்குப் பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி உண்டு. மனைவிக்கு இவற்றில் ஒன்று இருந்தால், கணவரும் இரத்தம் கொடுத்துப் பார்க்கணும். சிபிலிஸுக்கு அவள் மட்டும் வைத்தியம் செய்தால் மறுபடி தொற்றும். ஒருவரையொருவர் குறை சொல்கிற நேரம் அல்ல அது. பிள்ளையைக் காப்பாற்றுகிற நேரம்.

ஸ்கேன் எடுப்பது பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க. ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மாதவிலக்கு தள்ளிப்போனால் நாள் கடத்த வேண்டாம். 12 வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பதிவு செய்யுங்கள். பிரசவத்துக்குள் நாலு முறையாவது பரிசோதனை அவசியம். 2016 முதல், நாலாம் மாதத்திலிருந்து, மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டர் இலவசமாகப் பார்க்கிறார். தலைவலி, கண் மங்கல், இரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைவு என்றால் தேதிக்குக் காத்திராமல் உடனே போங்கள்.

கணவன்மார்களே, அந்த அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். அடுத்த தேதி என்ன? அன்று வயல் வேலை ஒரு நாள் நிற்கட்டும். கூடப் போய் வாருங்கள்.