கட்டிடம் வந்துரும், அதுவரைக்கும் பிள்ளைங்க இருக்கணும்

(பள்ளி திறப்பையொட்டி நடந்த கிளைப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜூன் மாதம் வந்தா நாம வழக்கமா என்ன செய்வோம்? நோட்டு, பேனா, பை வாங்கிக் கொடுப்போம். ஒரு படம் எடுத்துப் பக்கத்துல போடுவோம். அதை வேண்டாம்னு சொல்ல வரலை. ஆனா இந்த வருஷம் அதைவிட அவசரமான வேலை ஒண்ணு இருக்கு.

நம்ம பகுதியில பல பள்ளிகள்ல பழைய கட்டிடத்தை இடிச்சாச்சு, புதுசு இன்னும் எழும்பலை. சில இடத்துல தளத்துப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிஞ்சதால தட்டிட்டுப் புதுசாப் பூசுறாங்க. மே மாதத்துக்குள்ள முடிச்சிடுவோம்னு சொன்னாங்க. முடியலை. திறக்க இன்னும் பத்து நாள்தான். பிள்ளைங்க பாடம் படிக்கிற அதே வளாகத்துல கலவை மெஷினும் ஓடப் போகுது.

போன வாரம் ஒரு ஆரம்பப் பள்ளிக்குப் போனேன். பேர் வேண்டாம், அந்தத் தலைமையாசிரியைக்குச் சங்கடம் வரக் கூடாது. அஞ்சு வகுப்புக்கு மிச்சம் இருக்கிறது ரெண்டு அறை. நாலாம் வகுப்பு வராந்தாவுல, அஞ்சாம் வகுப்பு வேப்பமரத்தடியில. மழை வந்தா எல்லாரும் ஒண்ணா உள்ளே. அதைப் பத்தி அவங்க புலம்பவே இல்லை. "கட்டிடம் வந்துரும் சார், அதுவரைக்கும் பிள்ளைங்க இருக்கணுமே"ன்னாங்க. நாலு பெற்றோர் டி.சி. கேட்டுட்டாங்களாம். தனியார் பள்ளி வேன் தெருமுனை வரைக்கும் வருது.

அந்தப் பள்ளியில 63 பிள்ளைங்க. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பேர் வரைக்கும் ரெண்டு ஆசிரியர், 61 ஆனா மூணு ஆசிரியர். நம்ம மாநிலத்துல ஆகஸ்ட் 1-ம் தேதிக் கணக்கை வச்சுத்தான் பணியிடத்தை நிர்ணயம் பண்றாங்க. அந்த நாலு பேரும் போயிட்டா மூணாவது ஆசிரியர் பணியிடம் உபரின்னு ஆயிடும். அடுத்த வருஷம் புது வகுப்பறை பளபளன்னு நிக்கும், பாடம் நடத்த ஆள் இருக்காது. போராடி வாங்கின கட்டிடம் தோழர்களே இது!

அதுக்காகப் பெற்றோரைத் திட்டாதீங்க. அவங்க பயம் நியாயமான பயம். 2004 ஜூலை 16, கும்பகோணம். சமையல் கூடத்துல பிடிச்ச தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைங்க போனாங்க. 2021 டிசம்பர் 17, திருநெல்வேலி. பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிஞ்சு மூணு மாணவர்கள் போனாங்க. இதெல்லாம் தெரிஞ்ச எந்த அம்மா, இடிஞ்ச சுவர் பக்கத்துல பிள்ளையை விட்டுட்டு நிம்மதியா வேலைக்குப் போவாங்க?

அப்போ நம்ம வேலை என்ன? பயத்துக்குக் காரணமா இருக்கிறதை அங்கேயிருந்து எடுக்க வைக்கணும். முதல்ல போய்ப் பாருங்க. வேலை நடக்கிற இடத்தைச் சுத்தித் தகர அடைப்பு இருக்கா? கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டா அது அடைப்பு இல்லை, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை அதுக்கு அடியில புகுந்து போயிடும். செப்டிக் டேங்குக்குத் தோண்டின குழி, கட்டிடத்தை நனைக்கத் தண்ணி தேக்கின தொட்டி ரெண்டையும் கட்டாயம் பாருங்க. மூடி இல்லைன்னா அன்னிக்கே மூட வைக்கணும். பாதி இடிச்சு நிக்கிற சுவர் திறக்கும் நாள்ல நிக்கவே கூடாது. ஜல்லி லாரி காலையில பிள்ளைங்க வர்ற நேரத்துல பின்னால வரக் கூடாது. தட்டுற, உடைக்கிற வேலையைச் சாயங்காலத்துக்கும் விடுமுறைக்கும் தள்ளச் சொல்லுங்க. அந்தச் சத்தத்துல எந்த டீச்சரும் பாடம் நடத்த முடியாது.

கழிப்பறையை மறந்துடாதீங்க. கட்டிட வேலைன்னா முதல்ல அடைபடுறது அதுதான். ஆறாம் வகுப்புக்கு மேல படிக்கிற பெண் பிள்ளைங்க தண்ணி குடிக்காம நாள் முழுக்க இருப்பாங்க, வெளியே சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு, தலைமையாசிரியர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. கான்ட்ராக்டருக்குப் பணம் தர்றது அவர் இல்லை, அவர் சொன்னா கேட்கவும் மாட்டான். ஊராட்சி ஒன்றியப் பள்ளின்னா பி.டி.ஓ. அலுவலகம், ஒன்றியப் பொறியாளர். மேல்நிலைப் பள்ளியில பொதுப்பணித் துறை வேலைன்னா அந்த அலுவலகம். மனு அங்கேதான் போகணும். அதுவும் கட்சி லெட்டர்பேடுல வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானமாப் போகட்டும். சட்டப்படி அந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம்ம வீட்டு அக்கா, தங்கச்சிங்களே உறுப்பினரா இருப்பாங்க, கேட்டுப் பாருங்க. கூட்டமே நடக்கலைன்னு சொன்னா நடத்தச் சொல்லுங்க.

சமுதாயக் கூடமோ, நூலகக் கட்டிடமோ சும்மா பூட்டிக் கிடந்தா ஆறு மாசத்துக்கு வகுப்பு நடத்தக் கேட்டு அதையும் தீர்மானத்துல சேர்க்கச் சொல்லுங்க. கேட்டா கொடுக்கிற ஊர்கள் இருக்கு.

சனிக்கிழமை போறீங்க. துண்டு, கொடி, பேட்ஜ் எதுவும் வேண்டாம். தலைமையாசிரியர் அனுமதியோட உள்ளே போங்க. பிள்ளைங்களை வச்சுப் படம் எடுக்காதீங்க, குழியை எடுங்க, சுவரை எடுங்க. எந்தப் பள்ளி, என்ன குறை, யார் பொறுப்புன்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கிளைச் செயலாளர்கிட்ட சொல்லிடுங்க. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தீர்மான நகலோட வர்ற பெற்றோருக்குத் துணையா நாம ஒன்றிய அலுவலகத்துல இருப்போம்.