சுரைக்குடுக்கை நடத்திய பாடம்

(தலைப்பு: குடும்ப நலம் காப்பதில் பெரும்பங்கு பெரியவர்களுக்கா? பிள்ளைகளுக்கா?)



எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "சின்னப் புள்ளைக்கு என்னய்யா தெரியும்? கொடுத்த மருந்தையே துப்புற வயசு! அதுகிட்டயா குடும்ப நலத்தைக் கொடுப்பீங்க?" நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்.

ஆனா ஐயா, ஏழை வீட்டுக்குள்ள கொஞ்சம் எட்டிப் பாருங்க. அப்பா அம்மா விடியக்காலையில கூலிக்குப் போனா, தம்பியை இடுப்புல சுமக்கிறது யாரு? எட்டு வயசு அக்கா! சோறு ஊட்டுறது அவ. மூக்குத் துடைக்கிறது அவ. நாம புதுசா எதையும் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே அந்த வீட்டுக்கு அவதான் தாதி! (கைதட்டல்)

இதைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. 1979ஆம் ஆண்டு சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. அதையொட்டி லண்டனில் டேவிட் மார்லி என்ற குழந்தை மருத்துவரும் கல்வியாளர்களும் சேர்ந்து, 'குழந்தையிலிருந்து குழந்தைக்கு' என்றொரு திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளை கற்றால், அது தம்பிக்குப் போகும், வீட்டுக்குப் போகும், தெருவுக்கும் போகும்.

மெக்சிகோ நாட்டிலே அஹோயா என்றொரு மலையூர். அங்கே டேவிட் வெர்னர் என்பவரும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களும் வயிற்றுப்போக்கைப் பத்திப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்தினாங்க தெரியுமா? ஒரு சுரைக்குடுக்கையை வச்சு! அதுல குழந்தை முகம் வரைஞ்சாங்க. கண்ணுல ஓட்டை. கீழே ஓட்டை, அதுக்கு ஒரு தக்கை. உச்சியைத் திறந்து ஈரத்துணி போட்டாங்க. தண்ணியை நிரப்பி, "தக்கையை நீயே பிடுங்கு. என்ன நடக்குதுன்னு நீயே சொல்லு"ன்னு விட்டுட்டாங்க.

தண்ணி இறங்க இறங்க, உச்சித்துணி குழி விழுது. கண்ணீர் நிக்குது. போன தண்ணியைத் திரும்ப ஊத்தணும்னு அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லணுமா? கண்ணே சொல்லிருச்சே!

இங்கேதான் ஐயா உயிர்ப் பிரச்சினை. வயித்தால போற பிள்ளைக்குத் தண்ணி கொடுத்தா இன்னும் போகும்னு நிறுத்துறது யாரு? அனுபவசாலிகளான பெரியவங்கதான்! உடம்புல நீரும் உப்பும் வத்தித்தான் பிள்ளை சாகுது. அந்த நேரத்துல, "இல்லை பாட்டி, கொடுக்கணும். நான் கண்ணால பார்த்தேன்"னு சொல்ல வீட்டுல ஒரு வாய் வேணாமா?

மருந்தும் அடுப்படியிலயே இருக்கு. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி. தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை. தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினா ஆபத்து. அதனால, கண்ணீரைவிடக் கரிக்கக்கூடாதுன்னு ருசி பார்க்கச் சொல்லிக் கொடுத்தாங்க. கண்ணீர் ருசி ஏழைப் பிள்ளைக்குத் தெரியாதா ஐயா? (கைதட்டல்)

"படிக்கிற பிள்ளைமேல சுமையை ஏத்துறீங்களே"ன்னு எதிரணி கேட்கலாம். சுமையை நான் ஏத்தலை. ஏற்கெனவே சுமக்கிற பிள்ளைக்கு அறிவைத் துணைக்கு அனுப்புறேன். குழாய் போடுறதும், கழிப்பறை கட்டுறதும், ஆஸ்பத்திரி திறக்கிறதும் பெரியவங்க கடமை. அதைப் பிள்ளை தலையில கட்டாதீங்க. ஆனா அந்தக் குழாயை எங்கே போடணும்னு, குடம் தூக்கி நடக்கிற பிள்ளைகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.

சுரைக்காய்க்கு உப்பில்லைன்னு பெரியவங்க குறை சொல்லிட்டே இருப்பாங்க. அந்தச் சுரைக்குடுக்கையை வச்சே உப்புக் கணக்கைக் கத்துக்கிட்டது பிள்ளைகள்! ஆகவே, குடும்ப நலம் காப்பதில் பெரும்பங்கு பிள்ளைகளுக்கே எனத் தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன்.