காத்திருக்கும் தாய்மார்களுக்குத் துணை நிற்போம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

கல்வியைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் இம்மேடையில் ஆண்டுதோறும் பேசியிருக்கிறோம். இவ்வாண்டு, நோயுற்ற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனையில் மணிக்கணக்கில் காத்திருக்கும் பெற்றோரைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் நம் இளைய மகளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டன. சுபுஹு தொழுகையை முடித்துக்கொண்டு, குழந்தையுடனும் அவளுடைய தாயாருடனும் மருத்துவமனை சென்றோம். சீட்டு வாங்க ஒரு வரிசை. எடை பார்க்க ஒரு வரிசை. மருத்துவரைக் காண மற்றொரு வரிசை. நமக்கு முன்னால் எழுபது பேருக்கு மேல் இருந்தனர். இரண்டு மணி நேரம் கடந்தது. ஓயாமல் அழுதுகொண்டிருந்த குழந்தை அமைதியானாள். உறங்கிவிட்டாள் என்று எண்ணி ஆறுதல் அடைந்தோம்.

அருகில் பேத்தியுடன் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எட்டிப் பார்த்தார். "பாய், பிள்ளை தூங்கலை, துவண்டு கிடக்கு. கண்ணைப் பாருங்க, உள்ளே போயிருக்கு. நர்ஸம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார். நாம் தயங்கினோம். ஸஃப்பை ஒழுங்கு செய்யுங்கள் என்று ஐவேளையும் கூறுகின்ற நாமே வரிசையை மீறலாமா? நமக்கு முன் வந்தவர்களின் ஹக்கைப் பறித்ததாகாதா? இவ்வாறு நாம் எண்ணிக்கொண்டிருக்கையில், அம்மூதாட்டியே எழுந்து சென்று செவிலியரை அழைத்து வந்தார்.

செவிலியர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் உடனே மீளவில்லை; மெதுவாகவே படிந்தது. அடுத்த சில நிமிடங்களில் குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினார்கள். "இவ்வளவு நேரம் ஏன் சொல்லாமல் உட்கார்ந்திருந்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. வரிசையில் இருந்த ஒருவரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பலர் வழிவிட்டு ஒதுங்கினர். அல்ஹம்துலில்லாஹ், மூன்றாம் நாள் குழந்தை நலமாக வீடு திரும்பினாள்.

அன்பானவர்களே! ஸப்ரைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் பேசிய நாம், அன்று வாய் திறவாமல் இருந்ததையே ஸப்ர் என்று கருதிவிட்டோம். பொறுமை வேறு, சொல்ல வேண்டியதைச் சொல்லாதிருப்பது வேறு. இதைப் பின்னரே உணர்ந்தோம்.

நோயுற்ற குழந்தைகளை வந்த வரிசைப்படி மட்டும் பார்ப்பது மருத்துவ முறையன்று. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட பயிற்சிக் கையேடு, வரும் குழந்தைகளை மூன்று வகையாகப் பிரிக்கச் சொல்கிறது. மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவிழப்பு, கடுமையான நீரிழப்பு போன்ற ஆபத்து அறிகுறிகள் உடையவர்களுக்கு அந்த நொடியே சிகிச்சை தரவேண்டும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசுக்கள், மிகுந்த காய்ச்சல் உடையோர், தீக்காயம் பட்டோர், நஞ்சு உட்கொண்டோர் போன்றவர்களை வரிசையில் முன்னால் கொண்டுவர வேண்டும். ஏனையோர் தம் முறைக்குக் காத்திருக்கலாம்.

ஆகவே, நமக்குப் பின் வந்த குழந்தை நமக்கு முன் உள்ளே சென்றால் உடனே சிபாரிசு என்று சினம் கொள்ள வேண்டாம். அவ்வாறே, காலையில் இரண்டாம் வகையில் இருந்த குழந்தை நண்பகலுக்குள் முதல் வகைக்குச் சென்றுவிடக்கூடும். அதனை அறியக்கூடியவர் குழந்தையை மடியில் வைத்திருப்பவர்தாம். உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கண் குழிந்தாலோ, எழுப்பியும் குழந்தை விழிக்கவில்லை என்றாலோ, உடனே செவிலியரிடம் சொல்வது கடமை. வயிற்றுப்போக்குள்ள குழந்தை விழித்திருந்து குடிக்கும் நிலையில் இருந்தால், காத்திருக்கும் நேரத்திலும் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

மற்றொரு காத்திருப்பும் உண்டு. அது ஒரு நாளோடு முடிவதில்லை. வாதக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு 21 நாட்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவார்கள். அது பல ஆண்டுகள் தொடரும். தவணை தவறினால் காய்ச்சல் மீண்டும் வந்து வால்வை மேலும் கெடுக்கக்கூடும். தலசீமியா உள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். பிறவியிலேயே செவிக்குறை உள்ள குழந்தையை மூன்று மாதத்திற்குள் கண்டறிந்து, ஆறு மாதத்திற்குள் சிகிச்சை தொடங்குவதே நல்லது என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். தாமதமாகத் தாமதமாக, பேச்சு வருவது கடினமாகிறது.

இத்தகைய குழந்தையின் தாய், "இந்த முறை போகவில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருநாள் சோர்ந்துவிடுகிறார். நாம் அவரைக் குறை கூறலாகாது. கணவர் வளைகுடா நாட்டில் இருப்பார். அல்லது ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடில் அன்றைய கூலி போய்விடும். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, ஒரு கோப்பு, ஒரு தண்ணீர்ப் பாட்டில். சிறுநீர் கழிக்கச் சென்றால் முறை தவறிவிடுமோ என்ற அச்சத்தில் தண்ணீரும் அருந்தாமல் அமர்ந்திருப்பார். மருத்துவமனையில் கூட்டத்தைக் குறைக்க நம்மால் இயலாமற் போகலாம். ஆனால் அத்தாய் தனியே காத்திருக்கும் நிலையை மாற்ற நம்மால் நிச்சயம் இயலும்.

எனவே நிர்வாகத்தின் மேலான கவனத்திற்கு மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, தொடர் சிகிச்சையில் உள்ள நம் மஹல்லாக் குழந்தைகளின் அடுத்த தவணை நாட்களை ஒரு பதிவேட்டில் குறித்து, முந்தைய நாளே பெற்றோருக்கு நினைவூட்ட வேண்டும். நோயின் விவரம் வெளியே பேசப்படாத அமானிதமாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, விருப்பமுள்ள சகோதரிகள் இருவர் இருவராக முறை வைத்து, தனியே செல்லும் தாய்மார்களுடன் துணைக்குச் செல்ல வேண்டும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கூலி இழக்கும் குடும்பங்களுக்குப் பேருந்துக் கட்டணத்தையும் அன்றைய உணவுச் செலவையும் பைத்துல்மாலிலிருந்து, அவர்கள் கேட்கும் முன்பே வழங்க வேண்டும்.

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதை நாம் நன்மையாகக் கருதுகிறோம். ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிச் சென்று பத்து நிமிடம் அமர்ந்து வருகிறோம். அதுவும் நல்லதே. ஆயினும், அன்று மருத்துவமனையில் நமக்குத் தேவைப்பட்டது பழம் அன்று. குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அருகில் ஒருவர். அம்மூதாட்டி நம் மஹல்லாவைச் சேர்ந்தவரல்லர்; நம் மார்க்கத்தைச் சேர்ந்தவருமல்லர். அவருடைய பெயரைக் கேட்கவும் அன்று நமக்குத் தோன்றவில்லை. அவர் நமக்குச் செய்ததை நாம் பிறருக்குச் செய்வதே அவருக்குச் செலுத்தும் நன்றியாகும்.

நோயுற்ற குழந்தைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! காத்திருக்கும் தாய்மார்களுக்குத் துணை நிற்கும் நல்லுள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.