தில்லை மரத்துப் பால்: தெரிந்துகொண்டு தொடுவோம்

சிதம்பரத்துக்குத் தில்லைன்னு ஒரு பேர் உண்டு. தில்லை மரங்கள் அடர்ந்த காடாக இருந்ததால் வந்த பேர் அது. நடராசர் கோயிலின் தல விருட்சமும் தில்லைதான். ஆனா இன்னிக்கு அந்த மரத்தைக் கூட்டமாகப் பார்க்கணும்னா, சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிச்சாவரத்துக்குப் போகணும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள இந்த அலையாத்திக் காடு, 2022-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

படகில் போறவங்க கண்ணில் முதலில் படுவது சுரபுன்னையின் முட்டு வேர்கள்தான். தில்லை கொஞ்சம் மேட்டுப் பக்கமாக நிற்கும். உதிரும் முன்னால் அதன் இலைகள் சிவப்பாக மாறும். அழகா இருக்கேன்னு ஒரு கொத்தை ஒடிச்சா, காம்பிலிருந்து வெள்ளைப் பால் வடியும். கவனம் வேண்டியது அங்கேதான். அந்தப் பால் தோலில் பட்டா கொப்புளம் வரும். கண்ணில் பட்டா கடும் எரிச்சல், தற்காலிகப் பார்வை இழப்புகூட வரலாம். எக்ஸ்கோகேரியா என்ற அறிவியல் பெயரே 'குருடாக்குவது' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இதே மரம் நாட்டு வைத்தியத்தில் மருந்தாகவும் இருந்திருக்கு. ஆறாத புண்ணுக்கும் தொழுநோய்க்கும் இதைப் பயன்படுத்தியிருக்காங்க. பசிபிக் தீவான ஃபிஜியில் தொழுநோயாளிகளுக்கு இந்தக் கட்டையின் புகையைக் காட்டினாங்க. அதே பாலை மீன் பிடிக்க நஞ்சாகவும் சில ஊர்களில் கலந்தாங்க. இன்னிக்குத் தொழுநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசம், புகை தேவையில்லை.

'தில்லைப் பால் தடவினா புண் ஆறும்'னு போனில் ஒரு வீடியோ வந்தா, அதை நம்பி வீட்டில் செய்து பார்க்காதீங்க. எவ்வளவு, எப்படி என்பது பயிற்சி பெற்றவர் முடிவு செய்ய வேண்டியது. சித்த மருந்துதான் வேணும்னா, அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கு, மருத்துவரையே கேளுங்க. தவிர, பிச்சாவரம் காப்புக் காடு. அங்கே கிளை ஒடிப்பதே தப்பு.

தவறிப் போய் பால் கண்ணில் பட்டுட்டா கசக்காதீங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடவேண்டாம். சுத்தமான தண்ணீரை விடாமல் 15 நிமிடமாவது ஊற்றிக் கழுவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் போங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை முகத்தைத் தொடாதீங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108.